காய்ந்த மட்டையும் கல்யாணக் கூடும்

ஒரு காட்டில், குளத்தை எட்டிப் பார்த்தபடி ஓர் ஈச்சமரம் நின்றது. அந்த வருடம் நல்ல மழை, குழந்தைகளே. தூக்கணாங்குருவிகள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்க, மரம் மளமளவென்று ஓர் ஊராகிவிட்டது.

அந்த ஊரில் சுறுசுறு என்று ஓர் ஆண்குருவி. நல்லவன்தான், ஆனால் எதிலும் அவசரம். கூடு கட்ட மற்றவர்கள் அக்கரை நாணலுக்குப் பறந்துபோய் நார் கிழித்து வந்தார்கள். இவனுக்கு அவ்வளவு பொறுமை ஏது?

"காலடியிலேயே ஓலை இருக்கு. எதுக்கு அலையணும்?" என்று, தன் கூடு தொங்கிய ஈச்ச மட்டையின் ஓலைகளையே கிழித்தான். கூடு கிடுகிடுவென்று வளர்ந்தது. பார்த்தவர்களுக்கும் ஆசை வந்துவிட்டது. அவரவர் மட்டையை அவரவர் உரிக்கத் தொடங்கினார்கள்.

தூக்கணாங்குருவிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆண் பாதிக் கூடு கட்டிவிட்டுக் காத்திருக்கும். பெண் வந்து பார்த்து, பிடித்தால்தான் கல்யாணம். சுறுசுறுவின் கூட்டைப் பார்க்கச் செம்பா வந்தாள். அவளை அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

செம்பா கூட்டுக்குள் நுழையவே இல்லை. மட்டையில் உட்கார்ந்து அதைக் கொத்திக் கொத்திப் பார்த்தாள்.

"வீட்டைப் பாரு செம்பா. மட்டையில என்ன இருக்கு?"

"ஓலையை உரிச்சு உரிச்சுக் காஞ்சு போச்சே."

"அது கிடக்கட்டும். இந்த ஊர்லயே பெரிய வீடு இதுதான்."

செம்பா கொஞ்சம் யோசித்தாள். "நம்ம குஞ்சுங்க எவ்வளவு கனம் இருக்குமோ, அவ்வளவு ஈரமண் கொண்டுவந்து உள்ளே அப்பு. கூடு தாங்கினா நான் வர்றேன்."

கூட்டில் மண் அப்புவது அவர்களுக்குப் பழக்கமான வேலைதான். சுறுசுறு பாடிக்கொண்டே குளக்கரை மண்ணை உருட்டி உருட்டிக் கொண்டுவந்தான். கடைசி உருண்டையை வைத்ததும் மட்டை மளுக்கென்று முறிந்தது. கூடு குளத்தில் விழுந்து மூழ்கியது.

எல்லோரும் தத்தம் மட்டையைத் திரும்பிப் பார்த்தார்கள். சுறுசுறுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"முட்டை வச்ச பிறகு விழுந்திருந்தா?" என்றான் மெதுவாக.

"அதுக்குத்தான் முதல்ல மண்ணை வைக்கச் சொன்னேன்," என்றாள் செம்பா. அவள் குரலில் கோபம் இல்லை.

"நாணல் நாருல கட்டினா நாளாகுமே. காத்திருப்பியா?"

"பச்சை மட்டையாப் பார்த்து ஆரம்பி. நான் இங்கேதான் இருப்பேன்."

சுறுசுறு கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கரைக்குப் பறந்தான். அவன் பின்னாலேயே ஊரும் பறந்தது.

நீதி: தன்னைத் தாங்குவதை அழித்து வளரும் வளர்ச்சி நிலைக்காது.