தளவாய் மரமேறின கதை

அந்தக் காலத்துல ஏரிக்கரை ஓரமா ஒரு ஊரு, அந்த ஊருல காத்தாயின்னு ஒருத்தி பரிசல் ஓட்டிப் பொழைச்சுக்கிட்டிருந்தா. மழை பெஞ்சு ஏரி நெறஞ்சாப் போதும், எங்கெங்கிருந்தோ நாரையும் கூழைக்கடாவும் வந்து, தண்ணிக்குள்ள நிக்கிற கடம்ப மரத்துல கூடு கட்டிரும். ஊருல ஒருத்தரும் அதுங்களை ஏன்னு கேக்க மாட்டாங்க.

அந்த வருசம் குஞ்சு பொரிச்சு, றெக்கை மொளைக்காம கெடக்குற நேரம் பாத்து, ராசாவோட தளவாய் உக்கிரபூபதி கரையில கூடாரம் அடிச்சான். மத்தியானம் கண்ணசந்தா, 'கர்ர் கர்ர்'னு ஒரே சத்தம். வந்துச்சு பாரு கோவம்!

"அடிங்கடா தப்பட்டையை! ஒரு பறவை இங்க இருக்கக் கூடாது!"

அடிச்சாங்க, பறவையெல்லாம் மேல போச்சு, திரும்பி வந்து ஒக்காந்துச்சு. மறுபடி அடிச்சாங்க, மறுபடி வந்துச்சு. மூணாந்தரம் அடிச்சப்ப, பயந்துபோயி ரெண்டு குஞ்சு தண்ணியில விழுந்து செத்துப்போச்சு. காத்தாயிக்கு வயிறு எரிஞ்சுது. அப்பவும் அவன் அடங்கல. "மரத்தையே வெட்டுங்கடா!"ன்னான். அவ ஒண்ணும் தெரியாதவ மாதிரி கிட்டப் போனா.

"சாமி, ஆத்தாக்காரி குஞ்சை வுட்டுட்டு எங்க போவா? நீங்க குஞ்சுங்களுக்கு ஒரு உத்தரவு போட்டா எல்லாம் சேந்து கெளம்பிரும்."

"என் உத்தரவைக் கேக்குமா?"

"பட்டத்து யானையே கேக்குது, இந்தப் பொடிசுங்க கேக்காதா? ஆனா கிட்ட நின்னு சொல்லணும்."

அவனுக்கு உச்சி குளுந்துபோச்சு. பரிசல்ல ஏறி, மரத்துலயும் ஏறி, மீசையை முறுக்கிக்கிட்டு, "பறந்து போங்க!"ன்னு கத்தினான். குஞ்சுங்களுக்கு என்ன தெரியும், இரைதான் வந்துச்சுன்னு அவன் மூக்கைக் கொத்துச்சுங்க. ஆத்தாக்காரிங்க மீனைக் கக்குச்சுங்க, அது அவன் தலையில. எச்சம் போட்டுச்சுங்க, அதுவும் அவன் தலையில. சிரிக்காதீங்கடா, கேளுங்க! அதுக்குள்ள காத்தாயி பரிசலைத் தள்ளிக்கிட்டுத் தூரமாப் போயிட்டா.

"ஏ பொம்பளே, எறக்கி வுடு! எனக்கு நீச்சல் தெரியாது!"

"மரத்தைத் தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க சாமி."

அந்த நேரம் பாத்து ராசா வந்து சேந்தாரு. மரத்தை அண்ணாந்து பாத்து, "அதென்ன பறவை, மீசை வச்சிருக்கு?"ன்னாரு. காத்தாயி ஒண்ணு விடாம சொன்னா. ராசா வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. அப்புறம் செத்த குஞ்சுங்களைப் பத்திக் கேட்டதும் சிரிப்பு நின்னுபோச்சு. தளவாயைப் பாத்துச் சொன்னாரு:

"கடைசிக் குஞ்சு பறக்குற வரைக்கும் இந்தக் கரைக்கு நீதான் காவல். யாரும் தும்மக்கூடக் கூடாது."

அப்புறம் என்ன, காத்தாயி பரிசல்ல எறக்கி வுட்டதும் தளவாய் செருப்பைக் கழட்டி வச்சுட்டு நுனிக்கால்ல நடந்தான். தும்மினவனுக்கு "உஸ்ஸ்". இருமினவனுக்கு "உஸ்ஸ்". ராசாவே யானை மேல வந்தப்பவும், "உஸ்ஸ்! குஞ்சு தூங்குது!"

குஞ்செல்லாம் பறந்துபோச்சு, கதையும் கரையேறிப்போச்சு, சத்தம் போடாமப் படுங்க கண்ணுங்களா.