மூவாயிரம் பாட்டிலில் ஒன்றுமே இல்லை

கொட்டாங்குளத்துக்காரர்களை முட்டாள்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அவர்கள் சொன்னதைச் செய்கிறவர்கள், அவ்வளவுதான். சொன்னதை மட்டும் செய்வார்கள், சொன்னபடியே செய்வார்கள், சொன்னவர் வந்து போதும் என்று கையைப் பிடிக்கும் வரை செய்வார்கள். இப்படி ஆள் கிடைக்காமல் எத்தனை முதலாளிகள் தவியாய்த் தவிக்கிறார்கள்!

செண்பகவடிவு அம்மாளுக்கு அப்படி ஆறு பேர் கிடைத்திருந்தார்கள். ஊர் எல்லையில் தகரக் கூரை போட்ட சின்ன பாட்டில் கம்பெனி அவருடையது. பரிசோதனைக் குழாய் மாதிரி, கழுத்தில் மூடி திருகும் மரையோடு, விரல் நீளத்துக்குப் பிளாஸ்டிக் குழாய்கள் மூட்டையில் வந்து இறங்கும். அதைச் சூடாக்கி, இரும்பு அச்சுக்குள் வைத்து, காற்றை ஓங்கி ஊதினால் ஒரு லிட்டர் பாட்டிலாகப் பூரித்து வெளியே வந்து விழும். ஊதுகிற மெஷினைப் பார்த்துக்கொண்டவர் உய்க்காட்டான் மேஸ்திரி. முன்பு சைக்கிள் கடை வைத்திருந்தவர். காற்றடிப்பதில் தன்னை மிஞ்ச ஆள் கிடையாது என்பது அவர் எண்ணம்.

பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து மூடி போடுகிறவள் சங்கரவடிவு. பெட்டிக்குப் பன்னிரண்டாக அடுக்குகிறவர் பிச்சுமணி. மற்ற மூன்று பேரும் இவர்கள் சொல்வதைக் கேட்பார்கள்.

கம்பெனி திறந்த புதிதில் செண்பகவடிவு அம்மாள், ‘பாட்டிலைத் தொடும் முன் கை கழுவவும்’ என்று ஒரு போர்டு மாட்டினார். அன்று சாயங்காலம் வரை கம்பெனியிலிருந்து வெளியே வந்தது நாற்பத்தோரு பாட்டிலும் ஒன்பது சோப்பு உறையும். ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு தடவை குழாயடிக்குப் போய் வந்திருக்கிறார்கள். அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு, போர்டில் ‘காலையில் ஒரு முறை’ என்று சேர்த்து எழுதினார். அதிலிருந்து மத்தியானம் சாம்பார் சாதம் சாப்பிட்ட கையை ஒருத்தரும் கழுவவில்லை.

இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம், கொசு.

தென்காசிப் பக்கம் எண்ணெய் ஆலை வைத்திருந்த குற்றாலிங்கம் அண்ணாச்சிதான் கம்பெனிக்கு இருந்த ஒரே வாடிக்கைக்காரர். போன லோடில், ஒரு பாட்டிலுக்குள் ஒரு கொசு செத்துக் கிடந்தது. அவர் மூவாயிரம் பாட்டிலையும் அப்படியே லாரியில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார். “புதன்கிழமை நானே நேர்ல வருதேன். இந்தத் தடவையும் பாட்டிலுக்குள்ள எதாவது கிடந்துச்சுன்னா, உங்க சங்காத்தமே வேண்டாம்” என்று போனிலும் சொல்லிவிட்டார்.

திங்கள்கிழமை காலை செண்பகவடிவு அம்மாள் அச்சு ரிப்பேருக்காகக் கோயம்புத்தூர் கிளம்ப வேண்டியிருந்தது. மூவாயிரம் பாட்டிலும் புதிதாக ஊதி, மூடி போட்டுத் தயாராக நின்றன. அடுக்குவதுதான் பாக்கி. கிளம்பும் முன் ஆறு பேரையும் கூப்பிட்டு, ஷட்டர் பூட்டைக் கையில் தூக்கிக் காட்டினார்.

“நல்லாக் கேட்டுக்கிடுங்க. ஒவ்வொரு பாட்டிலா இன்னொரு தடவை பாத்து அடுக்கணும். உள்ள ஒண்ணுமே இருக்கக் கூடாது. ஒண்ணுமேன்னா, ஒண்ணுமே! எதாவது இருந்துச்சோ, புதன்கிழமை சாயங்காலம் இந்தப் பூட்டைப் போட்டுட்டு நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். நீங்க உங்க பொழப்பைப் பாத்துக்கிட வேண்டியதுதான்.”

அம்மாள் கிளம்பியதும் சங்கரவடிவு வேலையில் இறங்கினாள். அவள் முதல் பாட்டிலை எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தாள். கொசு இல்லை. தூசி இல்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. பாட்டிலை இரண்டு கையாலும் அமுக்கினாள். அமுங்க மாட்டேன் என்றது.

“மேஸ்திரி, இங்கன வாங்க. இதுக்குள்ள என்னமோ இருக்கு.”

“ஒண்ணும் தெரியலையே.”

“தெரியாது. ஆனா இருக்கு. அமுக்கினா உள்ள இருந்து எதுத்துத் தள்ளுது பாருங்க.”

மேஸ்திரி அமுக்கிப் பார்த்தார். பிச்சுமணி அமுக்கிப் பார்த்தார். சங்கரவடிவு மூடியைக் கொஞ்சம் தளர்த்தி மறுபடி அமுக்கினாள். புஸ்ஸென்று மேஸ்திரி முகத்தில் அடித்தது. அவர் நெற்றித் திருநீறு கொஞ்சம் பறந்தது.

“காத்து!” என்றார் பிச்சுமணி.

“உள்ள எப்படிவே போச்சு?” என்று கேட்டார் மேஸ்திரி.

எல்லோரும் யோசித்தார்கள். உய்க்காட்டான் மேஸ்திரியின் முகம் மெல்ல மெல்ல வெளிறியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“நான்தான்வே விட்டேன். மூவாயிரம் பாட்டில்லயும் என் கையாலதான் விட்டேன். அந்தக் கொசுவாவது ஒரே ஒரு பாட்டில்ல கிடந்துச்சு.” அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பாவம், நல்ல மனுஷன். ஆறு குடும்பத்தின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று உண்மையாகவே அழுதார்.

பிச்சுமணி தேற்றினார். “விட்டதை வெளிய எடுத்துருவோம் மேஸ்திரி. புதன்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாள் கிடக்குல்லா.”

முதலில் தண்ணீரை வைத்துப் பார்த்தார்கள். பாட்டிலைத் தொட்டிக்குள் அமுக்கினால் குபுகுபுவென்று காற்று வெளியே வந்தது. “ஓடுதுவே, ஓடுது!” என்று ஆளுக்கு ஆள் குதித்தார்கள். பாட்டில் நிறையத் தண்ணீர் ஏறிவிட்டது, காற்று ஒரு சொட்டு இல்லை. பிறகு தண்ணீரைக் கொட்டிவிட்டு மூடியைப் போட்டு அமுக்கினார்கள். அமுங்கவில்லை.

“திரும்பி வந்துட்டு” என்றாள் சங்கரவடிவு.

“எங்க போயி நின்னுச்சு?”

“வாசல்லதான் நின்னிருக்கும். தண்ணி வெளிய போனதும் இது உள்ள பூந்துட்டு.”

கதவு, ஜன்னல், ஷட்டர் எல்லாவற்றையும் சாத்தினார்கள். சந்துகளில் சாக்கை அடைத்தார்கள். அப்படியும் வந்தது. அப்போதுதான் மேஸ்திரி அண்ணாந்து பார்த்தார். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. திருடனை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு வாசலைப் பூட்டியிருக்கிறோமே என்று தலையில் அடித்துக்கொண்டு, ஓடிப்போய் அதை நிறுத்தினார்.

ஆனி மாத வெயில், தகரக் கூரை, சாத்திய கதவு. கால் மணி நேரத்தில் ஆறு பேரும் தொப்பலாக நனைந்துவிட்டார்கள்.

“எப்பா, புழுங்குது. காத்தே இல்லையே” என்றார் பிச்சுமணி.

“என்ன சொன்னீரு?”

“காத்தே இல்லன்னேன்.”

“நிசமாவா?”

“சத்தியமா மேஸ்திரி. ஒரு பொட்டுக் காத்து இல்ல.”

“அப்பம் இதான் நேரம், கொட்டுங்க!”

கொட்டினார்கள், மூடினார்கள், அமுக்கினார்கள். உள்ளே இருந்தது. காற்றே இல்லாத அறையில் காற்று எங்கிருந்து வந்தது என்று வெகுநேரம் ஆலோசனை நடந்தது. கடைசியில் சங்கரவடிவுதான் கண்டுபிடித்தாள்.

“நாமதான் விடுதோம். மூக்கு வழியா.”

ஆறு பேரும் ஒருத்தரை ஒருத்தர் குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டார்கள். அதன்பின், பாட்டிலில் இருந்து தண்ணீரைக் கொட்டி மூடி போடும் வரை யாரும் மூச்சு விடக் கூடாது என்று முடிவாயிற்று. நாலு பாட்டில் வரை எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள்; அப்படியும் ஒன்றுகூட அமுங்கவில்லை. ஐந்தாவது பாட்டிலின்போது பிச்சுமணிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. திடகாத்திரமான ஆள். அப்படியே சாய்ந்து, தரையில் திறந்து கிடந்த பாட்டிலின் மேல் தொப்பென்று உட்கார்ந்தார். திறந்த பாட்டிலைக் கண்டால் மூடி போடுவது சங்கரவடிவின் வேலை. ஆள் மயங்கிக் கிடக்கிறாரே என்றெல்லாம் பார்க்காமல், அடியில் கையை விட்டு மூடியைத் திருகிவிட்டாள்.

பிச்சுமணியைப் புரட்டிப் போட்டுப் பாட்டிலை எடுத்தார்கள். சப்பையாக இருந்தது. மேஸ்திரி அதை அமுக்கிப் பார்த்தார். எதிர்த்துத் தள்ள உள்ளே ஒன்றும் இல்லை.

“ஒண்ணுமே இல்ல! ஒண்ணுமேன்னா, ஒண்ணுமே இல்ல!”

பிச்சுமணியின் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். “என்ன ஆச்சு?” என்று கேட்டார் அவர். “நல்லது நடந்துருக்குவே. இன்னொரு தடவை மயங்கும்” என்றார் மேஸ்திரி.

நல்ல மனிதர், மறுக்கவில்லை. மூச்சைப் பிடித்து, கண்ணை உருட்டி, மயங்கி விழுந்தார். மத்தியானத்துக்குள் பதினொரு தடவை மயங்கியதில் பதினொரு பாட்டில் தேறின. பன்னிரண்டாவதற்கு எழுப்பும்போது சங்கரவடிவுக்கு ஒரு யோசனை வந்தது.

“மேஸ்திரி, இவுக மயங்காமலே உக்காந்தா என்ன?”

“முழிச்சுக்கிட்டா?”

“ஆமா.”

மேஸ்திரி தாடையைத் தடவினார். “கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த மயக்கத்துலதான் சூட்சுமம் இருக்கோ என்னமோ. ஒரு பாட்டிலுக்குப் பாப்போம்.”

பார்த்தார்கள், பலித்தது. அதற்குப் பிறகு வேலை பிடித்த வேகம் இருக்கிறதே! ஒருத்தர் உட்கார, ஒருத்தர் மூடி திருக, மூன்று ஜோடியாக உட்கார்ந்து எழுந்தார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மூவாயிரமாவது பாட்டிலில் பிச்சுமணி உட்கார்ந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். பெட்டிக்குப் பன்னிரண்டு என்று அம்மாள் சொல்லியிருந்ததால், இன்னும் ஐம்பது பாட்டிலுக்கு இடம் இருந்தும் பன்னிரண்டோடு நிறுத்தி, இருநூற்று ஐம்பது பெட்டியையும் ஒட்டினார்கள்.

புதன்கிழமை காலை செண்பகவடிவு அம்மாள் பஸ்ஸை விட்டு இறங்கவும், குற்றாலிங்கம் அண்ணாச்சியின் கார் லாரியோடு வந்து நிற்கவும் சரியாக இருந்தது. அம்மாளே முதல் பெட்டியைப் பிரித்தார். உள்ளே பார்த்தார். மூடிவிட்டு, இரண்டாவது பெட்டியைப் பிரித்தார். மூன்றாவதைப் பிரிக்கும் தெம்பு இல்லாமல் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். இருபது வருஷம் ஒண்டியாகக் கட்டிக் காத்த கம்பெனி கண்ணெதிரே சப்பையாகிக் கிடந்தது. கை தானாகப் பைக்குள் போய்ப் பூட்டை எடுத்தது.

“அண்ணாச்சி, ரெண்டே ரெண்டு நாள் தவணை கொடுங்க” என்றார்.

அண்ணாச்சி ஒரு சப்பைப் பாட்டிலை நுனி விரலால் தூக்கிப் பிடித்தார். “என்னது இது?”

“ஒண்ணுமே இல்லாத பாட்டில் அண்ணாச்சி” என்றார் மேஸ்திரி, கையைக் கட்டிக்கொண்டு. “நீங்க போன தடவை திருப்பி அனுப்பின பாட்டில்ல ஒண்ணு இருக்கு. வித்தியாசத்தை நீங்களே பாருங்க.” பழைய பாட்டிலை அண்ணாச்சியின் முகத்தருகே கொண்டுபோய், மூடியைத் தளர்த்தி அமுக்கினார்.

புஸ்.

அண்ணாச்சியின் மீசை ஆடியது. அவர் இரண்டடி பின்னால் போனார்.

“இது போன லோடு பூரா இருந்துச்சா?”

“ஒரு பாட்டில் விடாம இருந்துச்சு அண்ணாச்சி. உங்ககிட்ட மறைக்கக் கூடாது.”

“அடப்பாவியளா! நான் அந்தக் கொசுவை மட்டும்லா பாத்தேன்!”

அவர் நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்து, முப்பது பாட்டிலை ஒவ்வொன்றாக எடுத்து அமுக்கினார், காதில் வைத்துக் கேட்டார், வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஒன்றிலும் ஒன்றும் இல்லை. அவர் கண் கலங்கியது.

“பதினெட்டு வருசமா பாட்டில் வாங்குதேன்மா. இப்படி ஒரு சுத்தத்தை நான் எங்கயும் பாத்ததில்ல.” அம்மாள் வாயைத் திறந்தார். “நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவ்வளவையும் லாரில ஏத்தச் சொல்லுங்க” என்றபடி அண்ணாச்சி ஒரு பாட்டிலின் மூடியில் கை வைத்தார்.

“திறக்காதீய!” என்று ஆறு பேரும் அலறினார்கள். அண்ணாச்சி தேள் கொட்டியதுபோல் கையை எடுத்தார்.

“திறந்தா உள்ள பூந்துரும் அண்ணாச்சி. வாசல்லயே நிக்கி.”

“திறக்காம எண்ணெய் எப்படிய்யா ஊத்த?”

இது நியாயமான கேள்வி என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பிச்சுமணி, யோசிப்பதற்கு வசதியாக இருக்கும் என்று மயங்கிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றுவிட்டார்கள். கடைசியில் உய்க்காட்டான் மேஸ்திரி தொண்டையைச் செருமினார்.

“நாம முறையைத் தலைகீழாச் செஞ்சுக்கிட்டு இருக்கோம் அண்ணாச்சி. பாட்டிலை முதல்ல செஞ்சா, எண்ணெய் வர்றதுக்குள்ள காத்து இடம் பிடிச்சிருது. முதல்ல எண்ணெயை நிக்க வச்சிருவோம். பெறவு அதைச் சுத்திப் பாட்டிலைச் செஞ்சுருவோம். காத்துக்கு ஏது வழி?”

அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார். “இத்தனை வருசத்துல ஒரு கம்பெனிக்காரனும் எனக்கு இதைச் சொல்லலையே! இந்த மூவாயிரத்தை நான் திறக்கவே போறதில்ல. ஆலைல அடுக்கி வச்சு வர்றவுகளுக்கெல்லாம் காட்டுவேன். வெள்ளிக்கிழமை எண்ணெய் அனுப்புதேன். ஆறாயிரம் பாட்டில், எண்ணெயைச் சுத்திச் செஞ்சு கொடுங்க. என்னம்மா, முடியும்லா?”

செண்பகவடிவு அம்மாள் அண்ணாச்சியைப் பார்த்தார். ஆறு பேரையும் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரியும். எண்ணெய் நிற்காது என்பதும் தெரியும். கையிலிருந்த பூட்டையும் ஒரு தடவை பார்த்தார்.

“முடியும் அண்ணாச்சி” என்றார்.

வெள்ளிக்கிழமை பொழுது விடிந்ததும் முப்பது பீப்பாய் நல்லெண்ணெய் வந்து இறங்கியது. சங்கரவடிவு மேஜையை நாலு தடவை துடைத்து, கொசு இல்லை என்று உறுதி செய்தாள். காலை நேரமானபடியால் எல்லோரும் கை கழுவியிருந்தார்கள். மேஸ்திரி சரியாக ஒரு லிட்டர் அளந்து, மேஜையின் நடுவில் ஊற்றினார்.

“ஏ பிச்சுமணி, சாயாம அப்படியே நேராப் பிடிச்சுக்கிட்டு நில்லும். நான் போய் மெஷினைப் போடுதேன்.”