வாய் திறக்க ஒரு பெஞ்சு

இதைச் சாப்பிட்டுக்கொண்டே படிக்காதீர்கள். புரையேறினால் தலையில் தட்டிவிட நான் பக்கத்தில் இல்லை.

சவுட்டுப்பட்டியில் ஒரு கிணறு உண்டு. நாட்டாமை வெள்ளையப்பனின் அப்பா வெட்டினது. அதனால் வருஷா வருஷம் ஆடியில் ஊர்க்கூட்டம் போட்டு, வீட்டுக்கு ஒரு ஆள் வந்து அந்தத் தண்ணியை ஒரு மடக்குக் குடித்து, "தேன்" என்று சொல்ல வேண்டும். எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டு மறைவில் போய்த் துப்புவார்கள்.

அந்த வருஷம் மொக்கையன் வீட்டிலிருந்து அவன் பெண்டாட்டி ஒச்சம்மா போனாள். குடித்தாள். "உப்பு" என்றாள்.

நாட்டாமைக்கு மீசை துடித்தது. "அமாவாசைக் கூட்டத்துல வந்து தேன்னு சொல்லணும். இல்லேன்னா அடியும் விழும், வீட்டையும் காலி பண்ணணும்" என்றார். வீடு அவருடையது. வாடகை கொஞ்சம்தான்.

"சொல்லித் தொலையேன்டி" என்றான் மொக்கையன்.

"உள்ள போனது உப்புங்க. வெளிய வர்றது மட்டும் எப்படித் தேனா வரும்?"

மொக்கையனின் தம்பி சங்கிலியும், ஒச்சம்மாவின் அண்ணன் காத்தமுத்துவும் அரை நாள் யோசித்தார்கள். வேறு ஊர் பார்ப்பது என்று முடிவானது. வாடகை இதே மாதிரி இருக்க வேண்டும், வாயையும் திறக்க விட வேண்டும்.

ஊர் ஊராகச் சுற்றுகிற கோலமாவுக்காரரிடம் யோசனை கேட்டார்கள். "ரொம்பச் சுலபம். போற ஊர்ல, நாலு பேர் பார்க்க, ஊர்த் தலைவரைத் திட்டிப் பாருங்க. அடி விழலேன்னா அது பேச விடுற ஊரு" என்றார்.

முதல் ஊரில் தலைவர் கோயில் வாசலில் நின்றிருந்தார். பார்ப்பதற்கு மூன்று பேர்தான் இருந்தார்கள். நாலாவது ஆள் வரும்வரை காத்திருந்தார்கள். வந்ததும் மொக்கையன், "யோவ், நீயெல்லாம் ஒரு தலைவரா?" என்று ஆரம்பித்தான். அதற்குள் ஐந்தாவதாக ஒரு கிழவர் வந்து நின்றார்.

"பெரியவரே, கொஞ்சம் தள்ளிப் போங்க. நாலு பேர்தான் கணக்கு" என்றான் சங்கிலி.

கிழவர் தள்ளிப் போனார். திட்டி முடித்தார்கள். அடி விழுந்தது.

ஊர் எல்லையில் உட்கார்ந்து தடவிக்கொண்டே பேசினார்கள்.

"மாப்ளே, எனக்கு அடி விழலையே" என்றான் காத்தமுத்து. "அப்ப எனக்கு இது நல்ல ஊர்தானே?"

"சந்தேகத்தோட போகக்கூடாது மச்சான். ஒரு எட்டு போய்க் கேட்டுட்டு வந்துருங்க" என்றான் மொக்கையன்.

காத்தமுத்து போய்க் கேட்டான். அந்த ஊர்க்காரர்கள் அவன் சந்தேகத்தைத் தீர்த்து அனுப்பினார்கள்.

அடுத்தது மாங்கரை. அங்கே தலைவர் தங்கபுஷ்பம் என்கிற அம்மா. டீக்கடை வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். எதிரே கிடந்த மரப் பெஞ்சில் நால்வரும் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

"ஏ தலைவரம்மா, உனக்கு ஊராளத் தெரியுமா?" என்று கத்தினான் மொக்கையன்.

"தெரியாதுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. அப்புறம்?"

"ரோட்டுல பள்ளம்!"

"நிறைய இருக்கு தம்பி. நீங்க எதைச் சொல்றீங்க?"

மொக்கையனுக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது. டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர், "தெருவிளக்கு எரியலேன்னு சொல்லுங்க" என்று எடுத்துக் கொடுத்தார். அதையும் சொன்னார்கள். அடி விழவில்லை. தங்கபுஷ்பம் டீ வாங்கிக் கொடுத்தார்.

ஒச்சம்மா அழுதேவிட்டாள். "இங்கேயே இருந்துருவோம்ங்க."

வாடகை விசாரித்தார்கள். டீக்கடைக்காரர் சிரித்தார். "பேச விடுறாங்கன்னு சுத்துப்பட்டு ஜனமெல்லாம் இங்க வந்து அடைஞ்சிருச்சு. இப்ப ஆட்டுக்கொட்டாய்க்கே நீங்க கொடுத்து மாளாது."

நால்வரும் பெஞ்சிலேயே உட்கார்ந்து யோசித்தார்கள்.

"நம்மளை ஏன் யாரும் அடிக்கல?" என்றான் சங்கிலி. "அங்க நின்னுக்கிட்டுத் திட்டினோம். இங்க உட்கார்ந்து திட்டினோம். அப்ப விஷயம் பெஞ்சுலதான் இருக்கு."

"எந்திரிச்சு நின்னு திட்டிப் பார்ப்போமா?" என்றான் காத்தமுத்து.

"வாங்குறதுக்கு உடம்புல இடம் இருக்கா மச்சான்?"

"இல்ல."

"அப்ப பெஞ்சுதான்."

டீக்கடைக்காரரிடம் கேட்டார்கள். "பழசுதான், தூக்கிட்டுப் போங்க" என்றார். ஒச்சம்மாவை மேலே உட்காரவைத்து மூன்று பேரும் தூக்கினார்கள். அவள் வழியெல்லாம் "உப்பு, உப்பு" என்று சொல்லிப் பார்த்தாள். எங்கேயும் அடி விழவில்லை. உறுதியாகிவிட்டது.

அமாவாசை அன்று கூட்டத்தின் நடுவே பெஞ்சைப் போட்டார்கள். ஒச்சம்மா ஏறி உட்கார்ந்து, ஒரு மடக்குக் குடித்து, நிதானமாக "உப்பு" என்றாள்.

நாட்டாமை கையை ஓங்கினார்.

"ஐயா, அவ பெஞ்சுல இருக்கா" என்றான் மொக்கையன்.

அவன் சொன்ன தோரணையில் நாட்டாமைக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் தட்டிவிட்டது. "எறங்கிச் சொல்லுடி!" என்றார்.

அவள் இறங்கி வாயை மூடிக்கொண்டாள்.

"சொல்லு!"

"கீழ நின்னா எப்படிங்க சொல்றது? அடிப்பீங்களே."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நாட்டாமைக்கு ரோஷம் வந்துவிட்டது. "பெஞ்சாம் பெஞ்சு! நான் உட்கார்ந்து தேன்னு சொல்றேன், பாருங்கடா" என்று உட்கார்ந்து, செம்புத் தண்ணியை அப்படியே வாயில் கவிழ்த்துக்கொண்டார். அவர் வீட்டுக்குக் குடிதண்ணி வெளியூரிலிருந்து வண்டியில் வரும். இந்தத் தண்ணி அவருக்குப் பழக்கமில்லை.

"தூ! உப்பு!"

முன்வரிசையில் நின்றவர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

"நல்ல பெஞ்சு" என்றான் காத்தமுத்து.

நாட்டாமை குரலைத் தாழ்த்தினார். "டேய் மொக்கை, இப்ப நான் எறங்கினா?"

"உப்புன்னு சொன்னவங்களுக்கு அடி ஐயா. இந்த ஊர்ல அடிக்கிறது நீங்கதான். எறங்கினா நீங்களே உங்களை அடிச்சுக்கணும். அப்புறம் வீட்டைக் காலி பண்ணணும்."

நாட்டாமை காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டார். சாப்பாடும் அங்கேயே வந்தது. படுக்கையும் அங்கேயே.

வீடு தப்பித்தது. ஆனால் ஒச்சம்மாவுக்கு உட்கார இடமில்லை. உட்காராமல் எப்படிப் பேசுவது? நால்வரும் பெஞ்சைச் சுற்றி நின்று மறுபடி யோசித்தார்கள்.

சங்கிலிக்குத்தான் பொறி தட்டியது. "மதினி! பெஞ்சு இங்க வந்துருச்சு. அப்ப மாங்கரையில இனிமே யாரும் வாயைத் திறக்க முடியாது. எல்லாரும் காலி பண்ணிட்டுப் போயிருப்பாங்க. வாடகை சரிஞ்சிருக்கும்!"

"அட, ஆமா!" என்றான் மொக்கையன். "நாம பெஞ்சோட போயிட்டா, வாடகையும் கம்மி, வாயும் திறக்கலாம்."

ஒச்சம்மா சட்டிபானையைக் கட்டினாள். மூன்று பேரும் பெஞ்சைத் தோளில் ஏற்றினார்கள். மேலே நாட்டாமை இருந்தார். இறங்கச் சொன்னார்கள், மாட்டேன் என்றார். சரி, இருக்கட்டும் என்று அப்படியே நடந்தார்கள்.

ஊர் எல்லை தாண்டினதும் நாட்டாமை, "எங்கடா தூக்கிட்டுப் போறீங்க, மடப்பசங்களா!" என்று வாய்க்கு வந்தபடி திட்ட ஆரம்பித்தார்.

மொக்கையன் அண்ணாந்து பார்த்துச் சொன்னான்: "தாராளமாத் திட்டுங்க ஐயா. பெஞ்சுலதானே இருக்கீங்க."