செல்லக்கனியின் தொட்டி

"ஏழு வருஷமா பறிக்கிறேம்மா. பறிச்ச இடத்துலயே திரும்ப வந்து உக்காந்துக்குது," என்றார் தங்கப்பழம்.

குரு யோகாம்பாள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். "எதுய்யா?"

"ஆகாயத்தாமரைதான். ஏரியில பாதி போச்சு. பெடல் படகெல்லாம் சிக்கிக்கிட்டு நிக்குது."

மலை ஏரியில் நாற்பது வருஷம் சுற்றுலாப் படகு ஓட்டியவர் தங்கப்பழம். வயது அறுபத்தெட்டு. குருவுக்கு நாற்பதுதான். மகள் வயசுக்காரியிடம் உபதேசமா என்று படகுத்துறையில் கிண்டல் பண்ணாத ஆளில்லை. மனுஷர் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

"உங்களுக்கு என்ன வேணும்?"

"கல்யாணமான புதுசுல செல்லக்கனிய படகுல கூட்டிட்டுப் போனேன். அவ குனிஞ்சு, அடியில கெடந்த வெள்ளைக் கல்ல எண்ணிக்கிட்டே வந்தா. அவ்வளவு தெளிவு. அந்தத் தண்ணிய ஒரு தடவை பாத்துட்டாப் போதும்."

அவள் இறந்து எட்டு வருஷம்.

குரு கத்தியைக் கீழே வைத்தார். "உங்க வீட்டுல காபி கிடைக்குமா?"

இருவரும் மேட்டில் இருந்த தங்கப்பழத்தின் வீட்டுக்குப் போனார்கள். கொல்லையில் ஒரு சிமெண்டுத் தொட்டி. தண்ணீரே தெரியாமல் ஆகாயத்தாமரை அடர்ந்து ஊதாப் பூ பூத்திருந்தது.

"இது ஏரியில எடுத்ததா?"

"இல்லம்மா. பூ அழகா இருக்குன்னு செல்லக்கனி நர்சரியில வாங்கினா. அப்ப ஏரியில ஒரு செடி கெடையாது."

"தொட்டி நிறைஞ்சா?"

"அவ இருந்தவரைக்கும் வெயில்ல காய வச்சு எருக்குழியில போடுவா. எனக்கு மனசு வரல. அவ வச்ச செடியாச்சே. உசுரோட இருக்கட்டும்னு பின்னால ஓடையில விட்டுருவேன்."

"ஓடை எங்க போகுது?"

தங்கப்பழம் திரும்பிப் பார்த்தார். சரிவில் ஓடை இறங்கிப் போனது. அது முடிகிற இடத்தில் பச்சைப் பாய் விரித்தாற்போல் ஏரி கிடந்தது.

குரு காபியை ஆற்றிக் குடித்தார்.

தங்கப்பழம் தொட்டிக்குள் இரண்டு கையையும் விட்டார். ஒவ்வொரு செடியாகத் தூக்கி, ஓடைக்கு எட்டாத வெயில் பாறையில் பரப்பினார். அழுதுகொண்டேதான் செய்தார்.

தொட்டி கலங்கிப் போயிருந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

மெல்ல மெல்லக் கலங்கல் அடங்கியது.

தங்கப்பழம் குனிந்தார். "அம்மா, இங்க வாங்களேன். அடியில வெள்ளைக் கல்லு போட்டு வச்சிருக்கா."