வேம்பிக் கரடியும் கசப்பு வேரும்

மலையடிக் காட்டில் நாவல் மரங்கள் சூழ்ந்த ஒரு குட்டை இருந்தது. அதன் கிழக்குக் கரையில் வேம்பி என்ற கரடி வாழ்ந்துவந்தது. காட்டில் யாருக்கு உடம்புக்கு முடியாமல் போனாலும் முதலில் தேடுவது வேம்பியைத்தான். முள் குத்தினால் பிடுங்கிவிடும். தேள் கொட்டினால் வலி இறங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கும். வயிற்றுப்போக்கு வந்தால் கசப்பு வேர் தரும்.

அந்த வேர் லேசில் கிடைக்காது. பாறை இடுக்கில், கோரைப்புல்லுக்கு அடியில், வெகு ஆழத்தில் ஓடும். தோண்டித் தோண்டி வேம்பியின் நகங்கள் மழுங்கிப்போயிருந்தன. ஆனாலும் அது சலித்துக்கொண்டதில்லை. ஏனென்றால் அந்த வேர் அதன் அம்மா காட்டித்தந்தது.

வேரை மென்ற விலங்குகள் முகத்தைச் சுளிக்கும். வாந்தி எடுக்கும். சில நாள் கழித்து எழுந்து நடக்கும். "நீ மட்டும் இல்லையென்றால் எங்கள் கதி என்ன, வேம்பி?" என்று சொல்லிவிட்டுப் போகும். அதைக் கேட்கும்போதெல்லாம் வேம்பிக்கு மனசு நிறைந்துவிடும்.

எழுந்திருக்காமலே போன விலங்குகளும் உண்டு. "பாவம், நேரம் கடந்து வந்தார்கள்" என்று காடு சொல்லும். வேம்பியும் அப்படியே நம்பியது.

ஒரு கோடையில் குட்டை பாதிக்கு மேல் வற்றிப்போனது. காட்டுப்பன்றிகள் புரண்ட சேற்றுத் தண்ணீரையே மான்களும் முயல்களும் குடிக்க வேண்டி வந்தது. வயிற்றுப்போக்கு பரவியது. மர நிழலிலெல்லாம் விலங்குகள் சுருண்டு கிடந்தன. வேம்பி பகல் முழுக்கத் தோண்டியது. தோண்டிய வேர் கிழக்குக் கரைக்கே போதவில்லை.

அப்போது மேற்குக் கரையிலிருந்து செங்கா என்ற மலையணில் கிளைக்குக் கிளை தாவி வந்தது.

"வேம்பி அக்கா, எங்கள் பக்கமும் எல்லோரும் படுத்துவிட்டார்கள். கொஞ்சம் வேர் இருக்குமா?"

வேம்பி வெறும் கைகளை விரித்துக் காட்டியது. "ஒரு துண்டுகூட மிச்சம் இல்லையே, தங்கம். கிடைத்ததும் நானே கொண்டுவருகிறேன். அதுவரை யாரையும் குட்டைப் பக்கம் போகவிடாதே. உங்கள் பாறையடியில் ஓர் ஊற்று இருக்கிறதே, அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கட்டும்."

"அது லேசாக உவர்க்குமே, அக்கா."

"உவர்த்தால் என்ன, தெளிந்த தண்ணீர்தானே. வாயாவது நனையட்டும்."

ஆறுதலுக்காகத்தான் வேம்பி அதைச் சொன்னது. செங்கா போனபிறகு அதற்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. மேற்குக் கரையைக் கைவிட்டுவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

ஒருவழியாக ஒரு கட்டு வேர் சேர்ந்ததும் அதைக் கவ்விக்கொண்டு மேற்குக் கரைக்கு ஓடியது. எத்தனை உயிர் போயிருக்குமோ என்ற பயத்தோடு புதரை விலக்கிப் பார்த்தது. அங்கே முயல்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. மந்திகள் அத்திப்பழத்துக்குச் சண்டை போட்டன.

வேம்பியின் வாயிலிருந்த வேர்க்கட்டு கீழே விழுந்தது. "எப்போது எழுந்தார்கள்?"

"முந்தாநாளே பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள், அக்கா" என்றது செங்கா. "நீங்கள் சொன்ன தண்ணீரைத்தான் குடித்தார்கள். வேறு ஒன்றும் இல்லை."

வேம்பிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் திரும்பி வரும் வழியில் அதன் நடை தளர்ந்தது. 'வேர் தின்றவர்கள் அங்கே இன்னும் படுத்துக் கிடக்கிறார்கள். தின்னாதவர்கள் இங்கே ஓடுகிறார்கள்.' இந்த நினைப்பு அதைவிட்டு விலகவே இல்லை.

கிழக்குக் கரையில் வேம்பியின் உயிர்த்தோழி நெட்டச்சி காத்திருந்தது. நெட்டச்சி ஒரு பெண் கடமான். இரண்டும் சிறு வயதிலிருந்தே ஒரே நிழலில் படுத்துப் பழகியவை. வேம்பி நடந்ததைச் சொன்னது.

"இதற்கா முகம் வாடிப்போனாய்?" என்றது நெட்டச்சி. "அந்தக் கரையில் நோய் லேசாக வந்திருக்கும். இங்கே கடுமை. இதை வைத்து உன் வேரைக் குறை சொல்ல முடியுமா?"

"முடியாதுதான். நீ சொல்வதுபோலவும் இருக்கலாம். அதனால்தான் சரியாகப் பார்த்துவிட வேண்டும் என்கிறேன். ஒரே கரை, ஒரே நோய், ஒரே ஊற்றுத் தண்ணீர். வேர் மட்டும் சிலருக்கு உண்டு, சிலருக்கு இல்லை. அப்போது தெரிந்துவிடும்."

"தெரிந்து என்ன ஆகப்போகிறது? எல்லோரும் உன் வேரை நம்புகிறார்கள்."

"அவர்கள் நம்புவதுதான் நெட்டச்சி, எனக்குப் பயமாக இருக்கிறது."

வேம்பி நோயாளிகளையெல்லாம் மெல்ல மெல்ல மேற்குக் கரை ஊற்றுக்குக் கூட்டிவந்தது. நடக்க முடியாத முயல்களைக் காட்டெருமைகள் முதுகில் ஏற்றிக்கொண்டன. எல்லாம் வந்து சேர்ந்ததும் வேம்பி சொன்னது:

"என் வேர் வேலை செய்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் எல்லோருக்கும் இந்த ஊற்றுத் தண்ணீர் உண்டு. வரிசையில் ஒருவருக்கு வேரை அரைத்துத் தருவேன். அடுத்தவருக்கு வேப்பங்கொழுந்தை அரைத்துத் தருவேன். இரண்டும் கசக்கும். யாருக்கு எது என்று சொல்ல மாட்டேன். பிடிக்காதவர்கள் தண்ணீர் மட்டும் குடித்துக்கொள்ளலாம். அவர்களையும் நான் பார்த்துக்கொள்வேன்."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. மொத்தன் என்ற காட்டுப்பன்றி படுத்தபடியே முனகியது. "வைத்தியம் பார்க்கிற உனக்கே தெரியவில்லை என்றால் நாங்கள் எங்கே போவது?"

"தெரியாமல் இத்தனை நாள் கொடுத்தேனே, மொத்தா. அதைவிட இது மேல் இல்லையா?"

மொத்தன் கொஞ்சம் யோசித்தது. "சரி, எதையாவது கொடு. விட்டுவிட்டு மட்டும் போய்விடாதே" என்றது.

ஒவ்வொன்றும் எப்படித் தேறுகிறது என்று பார்க்க வேம்பி மரகதம் என்ற மயிலை அழைத்தது. "மருந்து கொடுக்கும்போது நீ அந்தப் பக்கம் திரும்பிக்கொள். யார் வேர் தின்றார்கள் என்று உனக்குத் தெரியக் கூடாது."

"ஏன், என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று மரகதம் கழுத்தை நிமிர்த்தியது.

"உனக்கு என்மேல் பிரியம் அதிகம். தெரிந்தால் வேர் தின்றவர்கள் எல்லாம் உன் கண்ணுக்குத் தெம்பாகத் தெரிவார்கள். என் கண்ணையே நான் நம்பவில்லை. அதனால்தான் உன்னைக் கேட்கிறேன்."

மயில் சிரித்துக்கொண்டே திரும்பி நின்றது.

மருந்து வாயில் பட்டதும் ஒவ்வொரு முகமும் கோணியது. மொத்தன், "எனக்குக் கிடைத்தது வேர்தான். இந்தக் கசப்பு வேறு எதற்கு வரும்?" என்று அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொண்டது.

விடிந்ததும் மரகதம் ஒரு சுற்று வரும். யார் எழுந்து நின்றது, யார் வாந்தி எடுத்தது, யார் புல்லை மோந்து பார்த்தது என்று கவனிக்கும். எல்லா விலங்குகளும் தேறி முடித்தபின், தான் கண்டதை வேம்பியிடம் வரிசையாகச் சொன்னது. வேம்பி தான் கொடுத்ததை நினைவுபடுத்தி ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தது.

வேப்பங்கொழுந்து தின்று தண்ணீர் குடித்த விலங்குகள் சீக்கிரம் எழுந்திருந்தன. வேர் தின்ற விலங்குகள் குடித்த தண்ணீரையும் சேர்த்து வாந்தி எடுத்து, மெலிந்து, மெதுவாகத்தான் எழுந்திருந்தன.

"மரகதம், இன்னொரு தடவை சொல்."

மயில் இன்னொரு தடவை சொன்னது. எதுவும் மாறவில்லை.

வேம்பி எழுந்து, வழக்கமாக வேர் தோண்டும் பாறை இடுக்குக்குப் போய் உட்கார்ந்தது. நேரம் கடந்து வந்ததாகச் சொல்லப்பட்ட அத்தனை முகங்களும் அதன் கண்முன் வந்தன. மரகதம் பின்னாலேயே வந்து பக்கத்தில் அமர்ந்தது.

"தெரிந்தா கொடுத்தாய்?" என்று கேட்டது மயில்.

"இல்லை."

"அப்புறம் ஏன் அழுகிறாய்?"

"என் கையால்தானே கொடுத்தேன், மரகதம்."

மயில் தன் தோகையை வேம்பியின் முதுகின்மேல் சாய்த்துக்கொண்டது.

காட்டைக் கூட்டி உண்மையைச் சொல்ல வேம்பி மனசைத் தேற்றிக்கொண்டு எழுந்தபோது நெட்டச்சி மூச்சிரைக்க ஓடிவந்தது.

"வேம்பி, என் துளிர் குட்டைத் தண்ணீரைக் குடித்துவிட்டது. காலையிலிருந்து போகிறது. நிற்கக்கூட முடியவில்லை. வேரை எடுத்துக்கொண்டு வா!"

வேம்பி அப்படியே நின்றுவிட்டது. துளிர் நெட்டச்சிக்கு வெகுநாள் கழித்துப் பிறந்த ஒரே குட்டி. வேம்பியின் மடியில் ஏறி விளையாடிய குட்டி.

"வேர் வேண்டாம், நெட்டச்சி. தண்ணீர் கொடுப்போம்."

"என்னடி சொல்கிறாய்?"

"பார்த்துவிட்டோம். வேர் உதவவில்லை. உடம்பில் இருக்கிற தண்ணீரையும் அது வெளியே தள்ளுகிறது. சின்னக் குட்டி தாங்காது."

நெட்டச்சியின் கண்கள் சிவந்தன. "ஊர்க் குட்டிகளுக்கெல்லாம் கொடுத்தாய். என் குட்டிக்கு மட்டும் இல்லையா? ஒரு மயில் சொன்னதை நம்பி என் பிள்ளையை வைத்துச் சூதாடுகிறாயா?"

"இத்தனை நாள் தெரியாமல் சூதாடிக்கொண்டுதான் இருந்தேன். இன்றைக்கு ஆட மாட்டேன். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். ஆனால் துளிருக்கு அந்த வேரை என் கையால் தர மாட்டேன்."

நெட்டச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு குட்டியிடம் ஓடியது.

வேம்பி ஊற்றுக்கு ஓடியது. பாறையில் படர்ந்திருந்த பாசியை ஒரு பிடி பிய்த்து, தண்ணீரில் முக்கி எடுத்துக்கொண்டு குட்டையைச் சுற்றி ஓடிவந்தது. துளிர் மூங்கில் புதரடியில் கண் செருகிக் கிடந்தது. உதடு வறண்டு வெடித்திருந்தது. வேம்பி பாசியை அதன் வாயருகே வைத்து மெல்லப் பிழிந்தது. துளி துளியாகத் தண்ணீர் இறங்கியது. குட்டி அதைக் கக்கியது.

"பார்த்தாயா?" என்றது நெட்டச்சி.

"இன்னும் மெதுவாகக் கொடுக்கிறேன்" என்றது வேம்பி.

வேம்பி ஓடியது, வந்தது, பிழிந்தது, மறுபடி ஓடியது. நெட்டச்சி குட்டியை நக்கிக்கொடுத்துக்கொண்டிருந்தது. வெயில் உச்சிக்கு வந்தபோது வேம்பியின் பாதம் பாறையில் கிழிந்து ரத்தம் கசிந்தது. அது நொண்டிக்கொண்டு கிளம்பியதை நெட்டச்சி பார்த்தது. "நீ இரு. குட்டியைப் பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டுத் தானே ஊற்றுக்கு ஓடியது. நனைந்த பாசியை வாயில் கவ்விக்கொண்டு திரும்பியது. அதன்பிறகு இரண்டும் மாறி மாறி ஓடின.

வெயில் தாழ்ந்தபோது துளிர் தானாகப் பாசியைச் சப்பியது. பிறகு நடுங்கும் கால்களை ஊன்றி எழுந்து நின்றது. நின்ற இடத்திலேயே, வேம்பியின் கால்மேல், சிறுநீர் கழித்தது.

வேம்பி சிரித்தது. சிரிக்கச் சிரிக்க அதன் கண்ணில் நீர் வழிந்தது. "உடம்பில் தண்ணீர் சேர்ந்துவிட்டது, நெட்டச்சி. உன் மகள் பிழைத்துக்கொண்டாள்."

நெட்டச்சி வந்து தன் தலையை வேம்பியின் தோளில் சாய்த்துக்கொண்டது.

மறுநாள் வேம்பி எல்லா விலங்குகளையும் கூட்டியது. வேரைப் பற்றித் தெரிந்துகொண்டதை ஒன்றுவிடாமல் சொன்னது. "நல்லது செய்கிறேன் என்று நினைத்துக் கெடுதல் செய்துவிட்டேன். இனி அந்த வேரைத் தோண்ட மாட்டேன். நோய் கண்டால் ஊற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். குடிக்கிற இடத்தில் யாரும் புரளாதீர்கள்."

மொத்தன்தான் முதலில் வாய் திறந்தது. "அப்படியானால் நான் தின்றது?"

"வேப்பங்கொழுந்து."

"வேரால்தான் பிழைத்தேன் என்று காடு முழுக்கச் சொல்லிவிட்டேனே" என்று பன்றி தலையைத் தொங்கப்போட்டது. கூட்டம் சிரித்தது. மொத்தனும் சிரித்துவிட்டு, இனித் தன் கூட்டம் குட்டையின் கீழ்க்கோடியில் மட்டும் புரளும் என்று வாக்குக் கொடுத்தது.

பின்வரிசையிலிருந்து ஒரு மந்தி கேட்டது. "வேரும் போய்விட்டது. இனி உடம்புக்கு முடியாவிட்டால் வேம்பியிடம் எதற்குப் போவது?"

நெட்டச்சி எழுந்து நின்றது. "நான் போவேன். தெரியாததைத் தெரியாது என்று என் முகத்துக்கு நேரே சொன்னவள் அவள். சொல்லிவிட்டு, என் குட்டிக்காகக் கால் கிழிய ஓடியவளும் அவள்தான்."

நொண்டி நொண்டி ஊற்றுப் பக்கம் நடந்த வேம்பியின் பின்னால் ஒவ்வொன்றாக எல்லா விலங்குகளும் நடந்தன.

கொடுத்த மருந்து உதவுகிறதா என்று நேர்மையாகச் சோதித்துப் பார்த்து, உதவாதது நமக்கு எவ்வளவு பிரியமானதாக இருந்தாலும் அதைக் கைவிடுவதுதான் நோயாளியிடம் காட்டும் உண்மையான அன்பு.