கடைசிப் பாட்டில் ஒரு நிறுத்தம்

“அந்த ஒண்ணையும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்துடணுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க அமலம்மா.”

கேட்டவர் சிகாமணி. ‘ஓடக்கார ராஜா’ இசை நாடகத்தின் ராஜா. பத்தொன்பது வருஷமாக சனி, ஞாயிறு என்றால் அவர்தான் ராஜா. வருகிற சனிக்கிழமையிலிருந்து இல்லை.

கேட்கப்பட்டவள் அமலோற்பவம். பால்கனிக்குப் பின்னால் இரும்பு ஏணி வைத்த பரணில் உட்கார்ந்து ராஜாவின் மேல் ஸ்பாட் லைட் அடிப்பவள். சிகாமணியைவிட ஏழு வயது சின்னவள். ஆனாலும் குழுவில் யாருக்கு மனசு சரியில்லை என்றாலும் அந்த ஏணியில்தான் ஏறுவார்கள். அவள் அதிகம் பேசமாட்டாள், அதுதான் காரணம். வாய் ஓயாதவர்களிடம் போய் யார் மனசைத் திறப்பார்கள்?

அவள் பழைய பனியன் துணியால் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“எந்த ஒண்ணு?”

“தெரியாத மாதிரி கேக்காதீங்க.”

தெரியாமல் என்ன. நாடகம் பார்த்த அத்தனை பேருக்கும் தெரியும். நாட்டைத் தொலைத்த ராஜா ஒருத்தன் ஆற்றில் ஓடம் தள்ளிப் பிழைக்கிறான். கடைசியில் தன் மகளையே, நான்தான் உன் அப்பன் என்று சொல்லாமல், அக்கரையில் கொண்டுபோய் விடுகிறான். அவள் இறங்கிப் போய்விடுகிறாள். அப்போது வருவது கடைசிப் பாட்டு.

“அக்கரை போனவர் அத்தனை பேரும்...” என்று ராஜா இழுப்பான். அங்கே எல்லாம் நின்றுவிடும். தேசிகனின் ஹார்மோனியம் நிற்கும். தபலா நிற்கும். லைட் சுருங்கி முகத்துக்கு மட்டும் வரும். ராஜா வாய் திறக்காமல் நிற்பான், நின்றுகொண்டே இருப்பான். கீழே ஏதோ ஒரு வரிசையில் ஒருத்தர் விம்முவார், பிறகு இன்னொருத்தர். அதற்கப்புறம்தான் வாத்தியம் எதுவும் இல்லாமல், “என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை” என்று முடிப்பான்.

அந்த நிறுத்தம் சிகாமணியுடையது. அவருக்கு முன்னால் எட்டு வருஷம் ராஜாவாக இருந்த கனகசபை அங்கே நின்றதில்லை. அது எப்படி வந்தது என்று சிகாமணி பேட்டி கேட்டவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். முதல் காட்சியில் அந்த வரியில் யாரோ தொண்டையைப் பிடித்து நிறுத்தினார்களாம். எல்லாம் கனகசபை அண்ணன் ஆசீர்வாதமாம். மேக்கப் பெட்டி மூடியின் உள்பக்கம் அவர் போட்டோ ஒட்டியிருக்கும். அதைத் தொட்டுக் கும்பிடாமல் சிகாமணி ஒரு நாளும் மேடை ஏறியதில்லை.

இப்போது முதலாளி, சீரியல் நடிகன் தருணைக் கொண்டுவந்துவிட்டார். வாசலில் பதினைந்து அடிக்கு பேனர். சிகாமணியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, உங்களுக்கும் முழங்கால் முன்ன மாதிரி இல்ல பாருங்க என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். வைதிருந்தால்கூட சிகாமணி தாங்கியிருப்பார்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ராஜா வேஷத்துக்குப் புத்தகம் கிடையாது. போகிறவர் வருகிறவருக்கு வாயால்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும், கதவைச் சாத்திக்கொண்டு. வருகிறவர் அதற்கு முன்னால் அந்த நாடகத்தைப் பார்த்திருக்கவே கூடாது. வாத்தியக்காரர்கள் அந்த ஒத்திகைக்கு உட்காரமாட்டார்கள், அவர்களுக்குப் பாட்டு கையிலேயே இருக்கிறது. முதல் காட்சியன்று போகிறவர் அரங்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். முடிந்ததும் மேடைக்கு வந்து புது ராஜா கையால் மாலை வாங்கிக்கொள்ள வேண்டும்.

நாற்பது நாளாக சிகாமணி சொல்லிக் கொடுத்தார். துடுப்பைப் பிடிக்கிற வாகு, கிரீடம் இல்லாத தலையைத் தடவிப் பார்க்கிற இடம், எல்லாம். அந்த நிறுத்தத்தை மட்டும் சொல்லவில்லை. அந்த இரண்டு வரியையும் ஒரே மூச்சில் பாடிவிடு தம்பி என்று சொல்லியிருந்தார்.

“பையன் கெட்டவன் இல்ல,” என்றார் சிகாமணி. “ஆனா அது இல்லாம அவன் பாடினா, ஜனங்க சிகாமணி எங்கேன்னு கேப்பாங்க. கேக்கட்டும். பொண்ணு கல்யாணத்தையே புதன்கிழமை வெச்சவன் நான், காட்சி போயிடக் கூடாதுன்னு. அந்த ஒண்ணையும் கொடுத்துட்டா, நான்னு சொல்லிக்க அப்புறம் என்கிட்ட என்ன இருக்கு?”

அமலோற்பவம் லென்ஸைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள்.

“சனிக்கிழமை இங்க வந்து உக்காருங்க சார்.”

“கொடுக்கணுமா, வேண்டாமான்னு கேட்டேன்.”

“மூணு மணி காட்சிக்கு. இந்த ஸ்டூல் காலியாத்தான் இருக்கும்.”

*

சனிக்கிழமை சிகாமணி ஏணி ஏறுவதற்குள் முழங்கால் இரண்டு தடவை மக்கர் பண்ணியது. கீழே அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசைகளில் சீரியல் பார்க்கிற பெண்கள், கையில் செல்போனோடு. அவர்களில் ஒருத்திகூட தன்னைத் தேடமாட்டாள் என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் கடைசிப் பாட்டு வரட்டும் என்று உட்கார்ந்திருந்தார். நடிகன் புத்தி அப்படி.

தருண் நன்றாகத்தான் செய்தான். அதுதான் கொடுமை. துடுப்பைப் பிடித்தான், தலையைத் தடவினான். எதிரே தன்னையே முப்பத்தெட்டு வயசில் பார்ப்பதுபோல இருந்தது சிகாமணிக்கு. ஒரு தடவை அவன் இடது காலைச் சற்றுத் தாங்கி நடந்தான். அவனுக்கென்ன முழங்கால் வலியா? வாத்தியார் அப்படி நடந்தார், அவனும் நடந்தான்.

ஓடம் அக்கரை சேர்ந்தது. மகள் இறங்கிப் போனாள்.

சிகாமணி ஸ்டூலின் நுனிக்கு வந்தார்.

“அக்கரை போனவர் அத்தனை பேரும்...” என்று தருண் இழுத்தான். அடுத்த வரிக்கு மூச்சை எடுத்தான்.

ஹார்மோனியம் நின்றது. தபலா நின்றது. தேசிகனின் விரல்களுக்கு யார் சொல்லவேண்டும், பத்தொன்பது வருஷமாக நிற்கிற இடம் அது. சிகாமணி அதை யோசிக்கவே இல்லை.

அமலோற்பவத்தின் கை லைட்டைச் சுருக்கப் போனது. சிகாமணி அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“அவனுக்குத் தெரியாது அமலம்மா. நான் சொல்லல.”

“எனக்குத் தெரியுமே சார்,” என்றாள். பிடியை விலக்கிவிட்டு லைட்டைச் சுருக்கினாள்.

அந்த வட்டத்துக்குள் தருணின் முகம் மட்டும் இருந்தது. வாத்தியம் ஏன் நின்றது, தான் எங்கே தப்பு செய்தோம், அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த வரி சுத்தமாகத் துடைத்துக்கொண்டு போய்விட்டது. இத்தனை ஜனத்துக்கு நடுவே ஒற்றை மனுஷனாக நின்றான். கண்ணில் தண்ணீர் கட்டியது, பயத்தில்தான்.

கீழே யாரோ விம்மினார்கள்.

பிறகு இன்னொருத்தர். பிறகு ஒரு வரிசை முழுக்க. செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்த பெண்கள் அதை மடியில் போட்டுவிட்டு முந்தானையை எடுத்தார்கள். சிகாமணியின் எத்தனையோ காட்சிகளில் இப்படி ஒரு அழுகையை அந்த அரங்கம் அழுததில்லை.

தருணுக்கு எங்கிருந்தோ வரி திரும்பி வந்தது. சுருதி சேராமல், உடைந்த குரலில், “என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை” என்று முடித்தான். திரை விழுந்தது. கைதட்டல் நிற்கவே இல்லை.

மேடையில் மாலையோடு காத்திருந்தார்கள். சிகாமணியின் பெயரை மைக்கில் மூன்று தடவை கூப்பிட்டார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

“நான் சொல்லவே இல்லையே,” என்றார். “எப்படி அமலம்மா?”

அவள் லைட்டை அணைத்துவிட்டு பனியன் துணியை எடுத்தாள்.

“உங்க முதல் காட்சி ஞாபகம் இருக்கா சார்?”

“இல்லாம? தொண்டையை யாரோ...”

“நீங்க ஹார்மோனியப் பெட்டி வாசிக்கும்னு காத்துக்கிட்டு நின்னீங்க.”

சிகாமணி அவளையே பார்த்தார்.

ஞாபகம் இருந்தது. பத்தொன்பது வருஷப் பேட்டிகளுக்கு அடியில், அப்படியே, கெடாமல் கிடந்தது. முதல் வரி முடிஞ்சதும் ஹார்மோனியம் ஒரு சுற்று வாசிக்கும், அதுக்கப்புறம் நீ எடு தம்பி என்று கனகசபைதான் சொல்லியிருந்தார். சிகாமணி நின்றார். சுற்று வரவில்லை.

“தேசிகன் அன்னிக்கு மறந்துட்டான்,” என்றார் மெதுவாக.

“அவர் மறக்கல. அப்படி ஒரு சுற்று அந்தப் பாட்டுல என்னிக்குமே கிடையாது. நீங்க எடுக்கலன்னதும் பயந்துபோய் வாசிக்கிறதை நிறுத்திட்டார்.”

“லைட்டு?”

“உங்க கை நடுங்கிச்சு. ஜனங்க பார்த்துடக் கூடாதேன்னு முகத்தோட சுருக்கிட்டேன்.”

சிகாமணிக்கு மேக்கப் பெட்டி மூடியில் இருக்கிற போட்டோ நினைவுக்கு வந்தது. எத்தனை தடவை தொட்டிருப்பார். மூலையெல்லாம் தேய்ந்துபோன போட்டோ.

“கனகசபை அண்ணன் அன்னிக்கு எங்க இருந்தார்?”

அமலோற்பவம் அவர் உட்கார்ந்திருந்த ஸ்டூலைப் பார்த்தாள்.

*

ஏணி அதிர்ந்தது. தருண் ஏறி வந்தான், வேஷம் கலைக்காமல், மை கன்னத்தில் வழிய, கையில் அந்த சம்பங்கி மாலையோடு. மேடைக்கு வராதவரைத் தேடிக்கொண்டு அவனே வந்துவிட்டான். வந்ததும் காலில் விழுந்தான்.

மறந்துவிட்டேன் சார் என்றான். வாத்தியம் நின்றதும் மூளையே நின்றுவிட்டது என்றான். உங்கள் பெயரைக் கெடுத்துவிட்டேன் என்றுதான் நின்றேன், ஆனால் ஜனங்கள் ஏன் அழுதார்கள் என்று தெரியவில்லை என்றான். கீழே எல்லாரும் கட்டிப் பிடிக்கிறார்களாம். சிகாமணியின் நிறுத்தத்தை அப்படியே பிடித்துவிட்டாய் என்கிறார்களாம்.

“அங்க நிக்கணும்னு நீங்க சொல்லவே இல்லையே சார்.”

சிகாமணி உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வேண்டுமென்றேதான் விட்டேன், நீ தோற்கவேண்டும் என்றுதான் விட்டேன். தொண்டை வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது.

அதற்குள் தருணின் முகம் மாறிவிட்டது. கண் விரிந்தது. அவனாகவே ஒன்றைப் புரிந்துகொண்டான்.

“வேணும்னுதான் சொல்லாம விட்டீங்களா? சொல்லிக் கொடுத்தா அது வராதுன்னு?”

சிகாமணி திறந்த வாயை மூடிக்கொண்டார்.

“என் தொண்டையை யாரோ பிடிச்சு நிறுத்தின மாதிரி இருந்துச்சு சார். அது உங்க ஆசீர்வாதம்தான்.”

மாலையை அவர் கழுத்தில் போட்டான். மறுபடி காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு செல்போனை எடுத்து, இரண்டு பேரும் சேர்ந்து நிற்கிற மாதிரி ஒரு படம் எடுத்துக்கொண்டான். பிரேம் போட்டு மேக்கப் ரூமில் மாட்டப் போவதாகச் சொன்னான். அடுத்த காட்சி ஆறரைக்கு, முகத்தைச் சரிசெய்ய வேண்டும் என்று ஏணியில் வேகவேகமாக இறங்கிப் போனான்.

பரணில் சம்பங்கி வாசனை நிறைந்திருந்தது. சிகாமணி அழுதார். அம்பத்தேழு வயசு மனுஷன், மாலையும் கழுத்துமாக, சத்தம் வராமல் வெகுநேரம் அழுதார். அமலோற்பவம் தடுக்கவில்லை. லென்ஸைத் துடைத்து முடித்தாள். துணியை மடித்து வைத்தாள்.

கடைசியில் அவர் நிமிர்ந்தார்.

“அப்போ, அதுல என்னோடதுன்னு என்னதான் இருந்துச்சு அமலம்மா?”

அவள் லைட்டைப் போட்டாள். கீழே திரைக்கு முன்னால், சுண்ணாம்பால் பெருக்கல் குறி போட்டிருந்த இடத்தில் வட்டம் விழுந்தது. அங்கே இப்போது யாரும் இல்லை. வட்டத்தைக் குறிக்கு நேராக நகர்த்தினாள்.

“கனகசபை சாரும் இந்த ஸ்டூல்ல உக்காந்து இதையேதான் கேட்டார்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“சொல்றதுக்குள்ள ஆறரைக்கு மணி அடிச்சிட்டாங்க சார்.”

கீழே மணி அடித்தது.