மிளாமான் ஓய்வெடுக்காத மூன்று நாள்

அந்தக் காட்டில் கோடை முற்றினால் ஏரியும் வற்றி, ஒரே ஒரு சுனையில்தான் தண்ணீர் நிற்கும். அதில் எந்தக் கூட்டம் முதலில் குடிப்பது என்று முடிவு செய்ய ஆண்டுதோறும் கோடைத் தொடக்கத்தில், ஏரியில் நீர் இருக்கும்போதே, கூட்டத்துக்கு ஒருவர் ஓடும் பந்தயம் நடக்கும். முதலில் ஏரியை நீந்திக் கடக்க வேண்டும். அடுத்துப் பாறைக் கரட்டில் ஏறி இறங்க வேண்டும். பிறகு பொட்டல்வெளியில் சுனைவரை ஓட வேண்டும். காலையில் புறப்பட்டால் பொழுது சாயும்போதுதான் போய்ச் சேரலாம். கடைசியாக வரும் கூட்டத்துக்குச் சேறுதான் மிஞ்சும்.

சென்ற ஆண்டு மிளாமான்கள் கடைசி. கொம்பன் என்ற மிளாவின் முதல் குட்டி தாகத்தில் செத்துப் போனது. இந்த ஆண்டு அவன் மனைவி செம்பி மறுபடியும் ஒரு குட்டி போட்டிருந்தாள். அதைக் காப்பாற்றக் கொம்பன் ஆறு மாதம் பந்தயத்துக்குப் பழகி உழைத்தான். அவனை வெல்லக் காட்டில் ஆளில்லை.

பந்தயத்துக்கு மூன்று நாள் இருந்தது. ஓடப்போகிறவர்கள் அந்த மூன்று நாளும் தின்று, படுத்துக் கிடப்பது வழக்கம். கொம்பனும் ஒரு புங்கமரத்தடியில் படுத்தான். ஆனால் மனம் கிடக்கவில்லை. சும்மா இருந்தால் பலம் போய்விடுமோ என்று பயம்!

மரத்தின் உச்சியில் ஒரு பிணந்தின்னிக் கழுகு வந்து உட்கார்ந்தது.

"என்ன மிளா அண்ணே, படுத்துட்டீங்க?"

"அதுதானே வழக்கம்!"

"நான் மேலேயிருந்து எல்லாத்தையும் பார்க்கிறேன். பன்றி இன்னைக்குக் காலையில ஏரியை ரெண்டு தடவை நீந்திட்டான்!"

"பன்றியா? அவன் சேத்துல தூங்கினதை இப்பத்தானே பார்த்தேன்!"

"நீந்தின களைப்புல தூங்குறான் அண்ணே!"

பயந்தவனை ஏமாற்றப் பெரிய பொய் தேவையில்லை. கொம்பன் எழுந்து ஏரியை மூன்று தடவை நீந்தினான்.

மறுநாளும் கழுகு வந்தது. "பன்றி கரட்டு உச்சியில நிக்கிறான்!" என்றது. கொம்பன் உச்சி வெயிலில் கரடு ஏறினான். திரும்பி வந்தபோது அவன் தொடை நடுங்கியது.

"என்னங்க இது! தழை அப்படியே கிடக்கு. ஒரு வாய் தின்னுட்டுப் படுங்களேன்!" என்று செம்பி கெஞ்சினாள்.

"நான் படுத்தா நம்ம குட்டி சேத்தைத்தான் நக்கும்!" என்று சீறினான் கொம்பன். மூன்றாம் நாள் யாரும் சொல்லாமலே பொட்டலில் ஓடினான்.

பந்தயம் வந்தது. ஏரியில் கொம்பன்தான் முதல். கரட்டிலும் அவன்தான் முதல். பொட்டலில் பாதி தூரம் போனதும் பின்னங்கால்கள் இரண்டும் கட்டைபோல் இறுகின. விழுந்தான்.

பின்னால் வந்த பன்றி நின்றது. "எழுந்திருப்பா! இன்னும் கொஞ்ச தூரம்தான்!" என்று மூக்கால் முட்டித் தூக்கிப் பார்த்தது. கொம்பனால் முடியவில்லை. பன்றிக்கும் குட்டிகள் உண்டு. அது ஓடிவிட்டது. மற்ற விலங்குகளும் ஒவ்வொன்றாக அவனைத் தாண்டிப் போயின.

கழுகு இறங்கி வந்து அருகில் உட்கார்ந்தது.

"பன்றி நீந்தினது நிஜமா?" என்று கேட்டான் கொம்பன்.

"இல்லை அண்ணே. மூணு நாளும் தூங்கினான்."

"நான் உனக்கு என்ன கெடுதல் செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யலை. எனக்கும் கூட்டுல ஒரு குஞ்சு இருக்கு!"

கழுகு அவன் மூச்சு நிற்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தது. பிறகு தன் இனத்தைக் கூப்பிட்டது.

அந்தக் கோடையில் பன்றிகள் முதலில் குடித்தன. எல்லாக் கூட்டமும் குடித்துப் போனபிறகு செம்பி வந்து சேற்றைக் குளம்பால் கிளறினாள். குட்டி சித்திரை முடியும்வரை இருந்தது. அதற்குமேல் இல்லை.

தான் உழைத்த உழைப்பை நம்பாமல் கடைசி நேரப் பயத்தை நம்புகிறவன், சேர்த்த பலத்தையும் இழந்து தன்னை நம்பியவர்களையும் இழப்பான்.